இடக்கைச் சுருட்டு

— இத யாரு சுத்துனது, ஒச்சாயி?

— வந்ததும் வராததுமா என்ன கேள்வி இது? மொதல்ல உக்காருங்கண்ணே. ஏழு மாசங் கழிச்சு இந்தப் பக்கம் தல காட்டுறீக. மோர் கரைக்கவா?

— மோரெல்லாம் வேணாம். என் கையில என்ன இருக்கு பாரு.

— சுருட்டு இருக்கு. பழங்காநத்தத்துல சுருட்டுக் கடை வச்சிருக்க முத்திருளன் கையில வேற என்ன இருக்கும், வெண்ணெயா?

— வெளையாடாத. இது எங்கடைச் சரக்கு இல்ல. வக்கீலு அனந்தராமன் நேத்து வந்தாரு. 'உன் கடையிலதான் கருத்தக்கண்ணன் சுருட்டு இல்லைங்கிற. நான் நேரா கீழக்குயில்குடிக்கே போயி அவன் பொஞ்சாதிகிட்ட வாங்கிட்டேன் பாத்தியா'ன்னு பெருமையா நீட்டுறாரு.

— ஆமா, வந்தாரு. அஞ்சு ஜோடி எடுத்துக்கிட்டுப் போனாரு. நீங்கதான் சரக்கெடுக்க வாரதே இல்ல. நான் என்ன செய்ய, அடுக்கி வச்சு அழகு பாக்கவா?

— யாரு சுத்துனதுன்னு கேட்டேன்.

— நான்தான். வேற யாரு இருக்கா இந்த வீட்டுல?

— ஜோடியில ரெண்டுமேவா?

— ரெண்டுந்தான்.

— இருவது வருசமா சுருட்டு விக்கிறவன்கிட்ட கத விடாத. ஒரு எலைய நடு நரம்போட கிழிச்சா ரெண்டு பாதி. வலது பாதிய வலது கையால சுத்தணும், இடது பாதிய இடது கையால சுத்தணும். அப்பத்தான் சின்ன நரம்பெல்லாம் நீளவாக்குல படியும், நெருப்பு ஒரு பக்கமாச் சாயாம நேரா எறங்கும்...

— அத எனக்கே சொல்லித் தர்றீகளா?

— மத்தவனெல்லாம் ஒரு பாதிய மேலுக்குச் சுத்திப்புட்டு மறு பாதிய உள்ள நொறுக்கிப் போட்டுருவான். உங்க வீட்டுல மட்டுந்தான் நீ வலக்கை, அவன் இடக்கை. ஒரே எலையில ரெண்டு சுருட்டு. வருசத்துக்கு நூறு ஜோடி, அதுக்கு மேல கும்புட்டுக் கேட்டாலும் கெடையாது. எமர்ஜென்சி சமயத்துலகூட கொடைக்கானல் எஸ்டேட்டுக்காரன் ஆள் விட்டு வாங்கிட்டுப் போனான்.

— நீங்கதான கடையில 'தம்பதிச் சுருட்டு'ன்னு சொல்லிச் சொல்லி விப்பீக. கேட்டு எனக்கு வெக்கமா இருக்கும். அவுக சிரிப்பாக.

— இப்ப இதப் பாரு. இது வலச்சுத்து. உங்கை. சரியா?

— ம்.

— இது இடச்சுத்து. மொனையில மூணு மடிப்பு வச்சு ஒட்டியிருக்கு. இது அவன் மடிப்பு.

— பாத்துப் பாத்துப் பழகிட்டேன். அவுகதான் ஊருல இல்லையே. இடது பாதியெல்லாம் வீணாப் போகுதேன்னு நானே இடது கையால...

— எங்க, என் முன்னாடி ஒண்ணு சுத்து.

— இப்பவா?

— இப்பத்தான். அந்தா மொறத்துல எல கெடக்குல்ல, எடு.

— கை ஈரமா இருக்குண்ணே...

— முந்தானையில தொட. ம்... உள்ளெலைய வையி. இப்ப உருட்டு. இடது கையால. பாரு, பிதுங்குது.

— இப்படி முறைச்சுக்கிட்டு நின்னா யாருக்குத்தான் வரும்? சாமியாடிக்கே வராது.

— கிழிஞ்சே போச்சு. விடு. விட்டுரு ஒச்சாயி, ஒனக்கு வராது.

— சரி, வராது. அதுக்கென்ன இப்ப? சுருட்டு நல்லாருக்கா இல்லையா, அதச் சொல்லுங்க. பத்த வச்சுப் பாத்தீகளா?

— பாத்தேன். ரெண்டையும்.

— எப்படி இருந்துச்சு?

— உன்னோடதுல மொத இழுப்பு கிராம்பு. அப்புறம் கருப்பட்டி. பாதியத் தாண்டுனா வேடசந்தூரு எலையோட காட்டம். நல்ல சுருட்டுதான், கொற சொல்ல முடியாது. ஆனா அம்புட்டுத்தான்.

— அவுக... அந்த இன்னொண்ணு?

— அதுல பாதிக்கு மேல நாவப்பழம் வருது. நாவப்பழம் தின்னா நாக்கு இழுக்குமே, அந்தத் துவர்ப்பு. அது போனதும் இருக்கா இல்லையான்னு ஒரு இனிப்பு. கண்ண மூடிக்கிட்டு அதத் தேடிக்கிட்டே இருக்கணும்போல இருக்கும். அவன் உள்ளெலைக்கு என்ன தெளிச்சான்னு எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியுமா?

— எனக்கும் தெரியாது. கலக்குறப்ப என்னைய வெளிய போகச் சொல்லிருவாக. ரெண்டு பேருக்குத் தெரிஞ்சா சந்தைக்கு வந்துரும்பாக.

— அப்ப இதுல எப்படி வந்துச்சு?

— பானையில அடிமிச்சம் கெடந்திருக்கும்...

— ஏழு மாசத்துக்கா? அது மட்டுமில்ல. கடைசி ஒரு விரக்கடையில இன்னொண்ணு இருக்கு. அவன் சுருட்டுல எந்தக் காலத்துலயும் இல்லாதது.

— என்ன?

— பாசி வாட.

— பாசியா?

— தண்ணிக்குள்ள ரொம்ப நாளு கெடந்த கல்ல மோந்து பாத்தா எப்படி இருக்கும்... அப்படி. துப்புனேன், போகல. புளியக் கரைச்சுக் கொப்புளிச்சேன், போகல. இந்தா, இப்பவும் நாக்குல நிக்குது. காப்பி குடிச்சாலும் பாசி, சோறு தின்னாலும் பாசி.

— அது ஈரத்துல வர்ற வாட. அந்தச் சுருட்டெல்லாம் ஈரமாத்தான...

— ஈரமாத்தான?

— ஒண்ணுமில்ல. பொழுது உச்சிக்கு வரப்போகுதுண்ணே, கெளம்புங்க. உங்களையும் சொமந்து வெயிலையும் சொமக்க உங்க மொபெட்டுக்கு எங்க தெம்பு இருக்கு?

— நீ என்னைய வெரட்டுற.

— அய்யய்ய, நான் ஏன் வெரட்டுறேன்...

— வந்ததுல இருந்து நாலு தடவ அந்தச் சுருட்டுக் கொட்டாயத் திரும்பித் திரும்பிப் பாத்துட்ட. உள்ள யாரு இருக்கா?

— யாருமில்ல.

— அப்பக் கதவத் தெற.

— தெறக்க மாட்டேன்.

— ஒச்சாயி!

— சத்தம் போடாதீகண்ணே. சத்தம் கேட்டா வர மாட்டாக...

— யாரு வர மாட்டாக?

— உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன. கூடப்பெறந்த அண்ணன் மாதிரித்தான நீங்க. ஆனா வெளிய விட்டுறக் கூடாது. சத்தியம் பண்ணுங்க.

— சொல்லு மொதல்ல.

— சித்திரையில ஒரு செவ்வாக்கெழம. பத்து எலை கிழிச்சேன். வலது பாதிய நான் சுத்திட்டேன். இடது பாதியப் பாக்கப் பாக்க எனக்கு அழுகையா வந்துச்சு. மொறத்துல போட்டு, கொட்டாயப் பூட்டிட்டு, உச்சி வேளையில ஊருணிக்குக் குளிக்கப் போனேன். திரும்பி வந்து தெறந்தா...

— தெறந்தா?

— பத்தும் சுருட்டாக் கெடக்கு. வரிசையா. மூணு மடிப்போட.

— பொய்யி.

— தொட்டுப் பாத்தேன். சொட்டச் சொட்ட ஈரம். பலக நனைஞ்சு கெடக்கு. பாவம், இந்த வெயில்ல இம்புட்டு வேர்த்திருக்கேன்னு நெனச்சேன்.

— பூட்டு?

— பூட்டு பூட்டுனபடி. பின்பக்கத் தட்டியில ஒரு சந்து இருக்கும்ல, அது வழியா நொழைஞ்சிருப்பாகன்னு... எனக்கு அன்னைக்கு இருந்த சந்தோசத்துல அதையெல்லாம் யாருண்ணே யோசிச்சா?

— அதுல பூனகூட நொழைய முடியாது.

— ஏழு மாசமா வராதவருக்கு எங்க வீட்டுத் தட்டியில எம்புட்டுச் சந்துன்னு தெரியுமாக்கும்?

— அப்புறம்? அப்புறம் என்ன ஆச்சு?

— ஒவ்வொரு செவ்வாக்கெழமையும் அப்படியே வச்சுட்டுப் போவேன். கூடவே சோறும் வப்பேன், அயிர மீன் கொழம்பு வச்சுக்கூடப் பாத்தேன். சோறு வச்சது வச்சபடி இருக்கும். எறும்புகூட ஏறாது. சுருட்டு மட்டும் தயாரா இருக்கும்.

— ஒரு நாளாவது ஒளிஞ்சு பாத்தியா?

— பாத்தா ஓடிருவாகளோன்னு பயம். ஒருக்கா வெளிய நின்னு சொன்னேன். 'அலங்காநல்லூரு ஜல்லிக்கட்டுல நீங்க அடிச்ச அந்த விருமாண்டி பொழச்சுக்கிட்டான். சண்டையில தவறிப் பட்டதுன்னு எழுதிக் குடுத்துட்டான். கேசும் இல்ல, போலீசும் இல்ல. வெளிய வாங்க'ன்னு சொன்னேன்.

— பதிலு?

— பலகையில கத்திச் சத்தம் நின்னுச்சு. கொஞ்ச நேரம் ஒண்ணுமே கேக்கல. காக்கா குருவிகூடச் சத்தம் போடல. அப்புறம் மறுபடியும் ஆரம்பிச்சிருச்சு.

— போதும், நிறுத்து.

— இன்னொரு நாளு கத்திய வைக்க மறந்துட்டேன். தட்டிச் சந்துக்குள்ள நீட்டுனேன். வாங்கிக்கிட்டாக.

— என்னது... வாங்கிக்கிட்டானா?

— விரலு பட்டுச்சுண்ணே. சில்லுன்னு இருந்துச்சு. தோலெல்லாம் ரொம்ப நேரம் தண்ணியில ஊறுன மாதிரி... கைய இழுக்காம அப்படியே கொஞ்ச நேரம் வச்சிருந்தேன். பாவி மனுசன், கம்மாக் கோரைக்குள்ள ஒளிஞ்சு கெடந்து வாராரோன்னு அழுதேன்.

— இன்னைக்கு என்ன கெழம?

— செவ்வா. அதுனாலதான் உங்களக் கெளம்பச் சொல்றேன். ஏண்ணே, இப்படி வேர்க்குது உங்களுக்கு? மொகமெல்லாம் வெளுத்துப்போச்சு. தண்ணி தரவா?

— தண்ணி வேணாம்!

— சரி, சரி. கத்தாதீக.

— நான்... நான் போறேன். அடுத்த வாரம் வாரேன்.

— இருங்கண்ணே. கெளம்புங்கன்னு நாந்தான் சொன்னேன். இப்ப இருங்கன்னு சொல்றேன். ஒண்ணு கேக்கணும்.

— என்ன?

— தை மாசம் அவுகள நீங்கதான மதுரை ஸ்டேசன்ல ரயிலேத்தி விட்டீக? 'பம்பாய்க்குப் போயிட்டான், போலீசு ஓயுற வரைக்கும் தேடாத'ன்னு வந்து சொன்னீக.

— ஆமா. நான்தான் ஏத்தி விட்டேன்.

— ரயிலு நகர்றப்பக் கையசைச்சாகன்னுகூடச் சொன்னீக.

— அசைச்சான்.

— வக்கீலு இந்தச் சுருட்டக் கையில வாங்குன ஒடனே என்ன கேட்டாரு தெரியுமா? 'கருத்தக்கண்ணன் வந்துட்டானா?'ன்னாரு. மேலத் தெரு சோணை பாத்தான், 'அண்ணன் எப்ப வந்தாரு?'ன்னான். எங்க சின்னாத்தா ராக்கம்மாளுக்குக் கண்ணு தெரியாது. மடிப்பத் தடவிப் பாத்துட்டு 'எம்புள்ள வந்துட்டானா'ன்னு அழுதுச்சு. பாத்த அத்தன பேரும் அது ஒண்ணத்தான் கேட்டாக. நாந்தான் அவுகளக் காட்டிக் குடுக்கக் கூடாதுன்னு, 'இல்ல, நானே சுத்துறேன்'னு எல்லாருக்கும் பொய் சொன்னேன்.

— அதுக்கு இப்ப என்ன?

— ரயிலேத்தி விட்டவரு நீங்க. வந்துட்டானான்னு உங்க வாயில ஒரு வார்த்த வரலையேண்ணே. வாசல்ல கால் வச்சதுல இருந்து யாரு சுத்துனது, யாரு சுத்துனதுன்னே கேக்குறீக. அவுக வந்திருக்கலாம்னு உங்களுக்கு மட்டும் ஏன் தோணல?

— அது... பதட்டத்துல...

— என்ன பதட்டம்? கூட்டாளி திரும்பிட்டான்னா ஓடி வந்து கட்டிப் புடிக்கணும். நீங்க சுருட்ட நீட்டிக்கிட்டு வந்து நிக்கிறீக.

— ஒச்சாயி, நான் சொல்றதக் கேளு...

— மாசியில உங்க தோட்டத்துக் கெணத்த மண்ணடிச்சுத் தூத்துட்டீகன்னு சோணை சொன்னான். நல்லாத் தண்ணி கெடந்த கெணறு. அப்பக்கூட எனக்கு ஒண்ணும் தோணல. தண்ணி உப்பாயிருச்சு போலன்னு நெனச்சேன்.

— உப்பாத்தான் ஆச்சு.

— என் தலையில கைய வச்சுச் சொல்லுங்க. அவுக ரயிலேறுனாகளா?

— கைய விடு, ஒச்சாயி.

— வைங்க கைய.

— ஏறல ஒச்சாயி. கேசுக்குப் பயந்து எந்தோட்டத்து மோட்டார் ரூம்புலதான் ரெண்டு நாளு இருந்தான். நான்தான் சோறு கொண்டுபோயிக் குடுத்தேன். சத்தியமா அவன எதுவும் செய்யணும்னு நான் நெனக்கல.

— மேல சொல்லுங்க.

— அந்தக் கலவையக் கேட்டேன். 'எனக்குச் சொல்லிட்டுப் போ மாப்ள. நீ வர்ற வரைக்கும் நூறு ஜோடியும் நிக்காம நான் பாத்துக்கிறேன், ஒச்சாயியையும் பாத்துக்கிறேன்'னு கெஞ்சுனேன். கெணத்து மேட்டுல நின்னுக்கிட்டுச் சிரிச்சான். 'நீ விக்கப் பெறந்தவன் மாப்ள. ருசி ஒனக்கெதுக்கு?'ன்னான். இருவது வருசம் அவன் சுருட்ட நாலூருக்குக் கொண்டுபோனவன் நான்... ஒரு தள்ளுதான். கோவத்துல, லேசா.

— தண்ணின்னா பயப்படுவாகளே... ஊருணியில முழங்காலுக்கு மேல எறங்க மாட்டாகளே. அவுக கோரைக்குள்ள ஒளிஞ்சு வாராகன்னு நான் எப்படி நம்புனேன்?

— முங்கி முங்கி எந்திரிச்சான். படியப் புடிச்சிட்டான். மேல வரைக்கும் ஏறிட்டான். கைய நீட்டுனான்...

— எந்தக் கைய?

— இடது கைய.

— புடிச்சீகளா?

— குனிஞ்சேன். குனியத்தான் செஞ்சேன். மேல வந்தா என்னையச் சும்மா விட மாட்டான், ஊரு பூராம் சொல்லிருவான்னு ஒரு நெனப்பு வந்துச்சு. அந்த ஒரு நிமிசம்... அப்படியே நின்னுட்டேன். படியெல்லாம் பாசி. காலு வழுக்கி...

— போதும்.

— அழுதிரு ஒச்சாயி. இப்படிப் பாக்காத. செருப்பக் கழட்டி அடி. மண்ண வாரித் தூத்து. ஏதாவது செய்யி.

— சத்தம் போடாதீக. கேக்குதா?

— என்னது?

— கொட்டாய்க்குள்ள.

— எலி... எலியா இருக்கும்.

— எலி பலகையில எல விரிக்குமா? கேளுங்க. இப்பக் கத்தி. இப்ப உருட்டுறது. அவுக உருட்டுனா மூணு உருட்டு, ஒரு நிறுத்தம். கேளுங்க.

— நீ யாரையோ உள்ள உக்கார வச்சிருக்க. சோணைதான? ரெண்டு பேரும் சேந்துக்கிட்டு என் வாயப் புடுங்குறீக. ஏ சோணை! வெளிய வாடா!

— சோணை கம்மாக்கரையில மாடு ஓட்டிக்கிட்டுப் போறான். அந்தா, செவப்புத் துண்டு. தெரியுதா?

— அப்ப... கதவுக்கடியில அது என்ன?

— தண்ணிண்ணே. எப்பவும் வர்றதுதான். இன்னைக்குக் கொஞ்சம் கூட வருது.

— என் காலுகிட்ட வருது, ஒச்சாயி...

— ம்.

— நீதான் பழகியிருக்க. எனக்குத் தெரியும். என் முன்னாடி வேணும்னே கிழிச்ச. உள்ள ஆள வச்சு, தண்ணிய ஊத்தி... எல்லாம் உன் வேலைதான? கோவமில்ல எனக்கு. நானே போலீசுக்குப் போறேன், நானே கெணத்தத் தோண்டச் சொல்றேன். ஒங்காலப் புடிக்கிறேன் தாயி, நீதான் சுத்துனன்னு மட்டும் ஒரு வார்த்த சொல்லிரு.

— நான் சுத்தலண்ணே. அவுக உசுரோட ஒளிஞ்சு வந்து சுத்திட்டுப் போறாகன்னு நம்பித்தான இம்புட்டு நாளும் செவ்வாக்கெழம தவறாம தலைக்குக் குளிச்சுப் பூ வச்சுக்கிட்டேன்.